தலைக்காயமும் கழுத்துத் தண்டுவடக் காயமும் ஒரே ஆளுக்கு: ஐசிபி (மண்டைக்குள் அழுத்தம்) மானிட்டர் இல்லாத ஐசியூவில் முதல் 48 மணி நேரம்

கருங்குயில் (இழை தொடங்கியவர்)

பைக் விபத்து, ஹெல்மெட் இல்லை. ஜிசிஎஸ் (விழிப்பு நிலை மதிப்பெண்) 7. சிடியில் இரு பக்க முன்மூளையிலும் கன்டியூஷன் (மூளைக் கன்றல்), பேசல் சிஸ்டெர்ன்கள் (மூளைக்கு அடியிலுள்ள நீர் இடைவெளிகள்) நெருங்கிக் கிடக்கின்றன. கழுத்தில் சி5, சி6 (ஐந்தாம், ஆறாம் கழுத்தெலும்பு) விலகல். பிபி 84/50, நாடி 52. நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் எந்த மருத்துவமனைக்கும் தெரிந்த படம்தான் இது.

தலைக்காயத்துக்கு ஒரு நெறிமுறை இருக்கிறது, தண்டுவடத்துக்கு வேறொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் சில இடங்களில் முட்டிக்கொள்கின்றன. ஒன்று தலையை உயர்த்து என்கிறது, மற்றொன்று அசைக்காதே என்கிறது. மூளை வீக்கத்துக்கு மானிடால் கொடுத்தால் சிறுநீர் கொட்டி பிபி இன்னும் இறங்கும். மண்டைக்குள் அழுத்தம் அளக்கக் கருவியும் இல்லாத இடத்தில் எதை வைத்து முடிவெடுப்பது? கைவேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வென்டிலேட்டர்வாசி

மற்ற எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அந்த 84/50-ஐப் பாருங்கள் டாக்டர். இரண்டு காயங்களும் முட்டாமல் ஒத்துப்போகிற ஒரே இடம் இரத்த அழுத்தம். கடுமையான தலைக்காயத்தில் சிஸ்டாலிக் ஒரே ஒரு முறை 90-க்குக் கீழே போனாலும் இறப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது 1993-லேயே வெளிவந்த அமெரிக்கக் கோமா தரவுகளில் தெரிந்த விஷயம். நசுங்கிய தண்டுவடத்துக்கும் இதே கதைதான், ஓட்டம் குறைந்தால் நிலை மேலே ஏறும்.

நாடி 52 என்றவுடன் நியூரோஜெனிக் ஷாக் (தண்டுவடக் காயத்தால் பிபி விழுவது) என்று எழுதி ஃபைலை மூடிவிடாதீர்கள். வயது வந்தவருக்கு மூளைக்காயம் மட்டும் கடைசிக் கட்டம் வரை பிபியை இறக்காது. எனவே இரத்தக்கசிவு இல்லை என்று காட்டும் வரை இரத்தக்கசிவு என்றே வையுங்கள். இ-ஃபாஸ்ட் ஸ்கேன் (வயிற்றிலும் மார்பிலும் கசிவு தேடும் அல்ட்ராசவுண்ட்), மார்பு எக்ஸ்ரே, இடுப்பு எக்ஸ்ரே மூன்றும் வேண்டும். சிம்பதெடிக் நரம்பு (நாடியையும் பிபியையும் ஏற்றுவது) அறுந்த ஆளுக்கு மண்ணீரல் கிழிந்தாலும் நாடி வேகமாகாது, வயிறும் இறுகாது. கை வைத்துப் பார்த்து "வயிறு மிருது" என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை.

கசிவு இல்லையென்றால் நார்மல் சலைன் 1 லிட்டர், மிஞ்சினால் 2. அதற்கு மேல் ஊற்றினால் நுரையீரல்தான் நனையும். பிறகு இரத்தக்குழாயை இறுக்கி பிபியை ஏற்றும் நார்அட்ரினலின். 4 மி.கி.யை 50 மி.லி.யில் கலந்தால் மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 மைக்ரோகிராமில் தொடங்கினால் மணிக்கு 2.25 மி.லி. ஆம்ப்யூலில் எழுதியிருப்பது பைடார்ட்ரேட் எடையா, பேஸ் எடையா என்று பாருங்கள். 2 மி.கி. பைடார்ட்ரேட் என்பது 1 மி.கி. பேஸ். இதைக் கவனிக்காமல் கை மாற்றும்போது டோஸ் பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். சென்ட்ரல் லைனுக்காகக் காத்திருக்க வேண்டாம், முழங்கை மடிப்பில் 18ஜி ஊசி போதும், தோல் வெளுக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பினைல்எஃப்ரின் வேண்டாம், ஏற்கெனவே மெதுவாக ஓடும் இதயத்தை இன்னும் மெதுவாக்கும்.

கபாலம்

மேலே சொன்னது சரி. இலக்கு எவ்வளவு, எங்கே அளப்பது என்பதில்தான் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள்.

15 முதல் 49 வயது வரை சிஸ்டாலிக் குறைந்தது 110, 50 முதல் 69 வரை 100, 70-க்கு மேல் மறுபடி 110. மூளைக்கான சிபிபி (எம்ஏபி என்னும் சராசரி இரத்த அழுத்தத்தில் ஐசிபியைக் கழித்தால் வருவது) 60 முதல் 70. தண்டுவடத்துக்கு முன்பெல்லாம் எம்ஏபி 85 முதல் 90 வரை, 7 நாள் என்றார்கள். 2024-இல் வந்த ஏஓ ஸ்பைன் (பன்னாட்டு முதுகெலும்பு அறுவை அமைப்பு) பரிந்துரை அதைத் தளர்த்தி, கீழ் எல்லை 75-80, மேல் எல்லை 90-95, 3 முதல் 7 நாள் என்கிறது.

இனி கணக்கு. தலையை 30 டிகிரி உயர்த்தினால் காதுமுன் குருத்து இதயத்தைவிட 15 செ.மீ. மேலே போகும். அது சுமார் 11 மி.மீ. பாதரசம். டிரான்ஸ்டியூசர் (அழுத்தம் உணரும் கருவி) இதய மட்டத்தில் எம்ஏபி 80 காட்டினால் மூளைக்குப் போய்ச் சேருவது 69. ஐசிபி 22 என்று வைத்துக்கொண்டால் சிபிபி 47. திரையில் அழகான எண், மண்டைக்குள் பட்டினி. ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்த குழாய்) இருந்தால் டிரான்ஸ்டியூசரைக் காதுமுன் குருத்து மட்டத்தில் கட்டி ஜீரோ செய்யுங்கள். கையில் கட்டிய கஃப்தான் கதி என்றால் எம்ஏபி 90-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 95-ஐத் தாண்ட வேண்டாம். சிபிபியை 70-க்கு மேல் மருந்தாலும் திரவத்தாலும் தள்ளினால் ஏஆர்டிஎஸ் (கடும் நுரையீரல் கோளாறு) வருகிறது.

இன்னொன்று. இந்த ஆளுக்கு ஜிசிஎஸ் 7 என்று யார் போட்டது, எப்படிப் போட்டார்கள்? சி5-க்குக் கீழே தண்டுவடம் போயிருந்தால் நகத்தை அழுத்தினால் கை அசையாது. மூளை விழித்திருந்தாலும் எம்1 (மோட்டார் மதிப்பெண்ணில் மிகக் குறைந்தது) என்றுதான் விழும். புருவ எலும்பின் மேல் அழுத்திப் பாருங்கள், முகம் சுளிக்கிறதா என்று கவனியுங்கள். "நாக்கை நீட்டு", "கண்ணை இரண்டு முறை மூடு" என்று சொல்லுங்கள். நீட்டினால் அது எம்6, முழு மதிப்பெண். டியூப் போடத் தசைத் தளர்வு மருந்து கொடுப்பதற்கு முன்னால் கண் பாப்பா, ஜிசிஎஸ் மூன்று பகுதிகள், தோள் முதல் கால் வரை எந்தத் தசை எந்த அளவு அசைந்தது என்று எழுதிவிடுங்கள். பிறகு யாராலும் அதைத் திரும்பப் பார்க்க முடியாது.

கருங்குயில்

நன்றி சார். காதுமட்டக் கணக்கு எங்கள் சார்ட்டில் இல்லவே இல்லை. ஐசிபி 22 என்று "வைத்துக்கொள்வது" எதை வைத்து?

கபாலம்

2012-இல் பொலிவியா, எக்வடோர் ஐசியூக்களில் 324 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு மூளைக்குள் அளவி, மறு பாதிக்கு சிடியும் நேரடிப் பரிசோதனையும் மட்டும். முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. அளவி வீண் என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் ஆய்வைப் படிக்கவில்லை. அளவி இல்லாத பிரிவிலும் குறித்த நேரத்தில் பரிசோதனையும் சிடியும் சிகிச்சையும் ஒழுங்காக நடந்தன என்பதுதான் விஷயம்.

அதிலிருந்து வந்த ஒத்த கருத்து நெறிமுறைக்கு கிரெவிஸ் என்று பெயர். பெரிய அடையாளங்கள் மூன்று: நெருங்கிய சிஸ்டெர்ன், 5 மி.மீ.க்கு மேல் நடுக்கோடு விலகல், அகற்றப்படாத இரத்தக்கட்டி. சிறியவை: மோட்டார் 4 அல்லது அதற்குக் கீழ், பாப்பா இரண்டும் சமமின்மை, வெளிச்சத்துக்குச் சுருங்குவதில் கோளாறு, மார்ஷல் 2 சிடி (சிடி வகைப்பாட்டில் இரண்டாம் நிலை). பெரியது ஒன்று இருந்தால் போதும், சிறியது என்றால் இரண்டு வேண்டும். அப்போது அழுத்தம் கூடியிருக்கிறது என்று வைத்து சிகிச்சை தொடங்கலாம். நீங்கள் சொன்ன ஆளுக்குச் சிஸ்டெர்ன் நெருக்கமே போதும். மோட்டார் மதிப்பெண்ணை இவருக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள், காரணம் மேலே.

கண் நரம்பு உறையை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். விழிக்குப் பின்னால் 3 மி.மீ.யில் குறுக்களவு. 5-க்குக் கீழ் என்றால் கொஞ்சம் நிம்மதி, 6-ஐ எட்டினால் சந்தேகம். விழி உடைந்திருந்தால் புரோபை வைக்கவே கூடாது.

சிஸ்டர் நிலா

டாக்டர்கள் எண்ணைச் சொல்லிட்டுப் போயிடுவீங்க, ராத்திரி முழுக்க அதைக் காப்பாத்துறது பெட் பக்கத்துல நிக்கிறவங்க. அதனால என் பங்கு.

சக்‌ஷன்தான் இந்த பேஷண்ட்டுக்கு மிக ஆபத்தான வேலை. குழாய் உள்ளே போனா தலையில அழுத்தம் ஏறும், கழுத்துல வேகஸ் நரம்பு (இதயத்தை மெதுவாக்குறது) தூண்டப்பட்டு இதயம் நின்னே போகலாம். எதிர்த்து நிக்க சிம்பதெடிக் இல்லையே. முன்னாடி 2 நிமிஷம் 100 சதம் ஆக்சிஜன், டாக்டர் ஆர்டர் இருந்தா ஃபென்டனில் 50 மைக்ரோகிராம், உள்ளே 10 செகண்டுக்கு மேல வேண்டாம். அட்ரோபின் 0.6 மி.கி. சிரிஞ்சுல ஏத்தி, லேபிள் ஒட்டி, தலைமாட்டுல இருக்கணும். டிராலியில இருக்குன்னு சொல்றது இல்லைன்னு சொல்ற மாதிரிதான். மணிக்கணக்கு வெச்சு சக்‌ஷன் பண்ணாதீங்க, சளி சத்தமோ பிரஷர் அலாரமோ வந்தா மட்டும்.

பாப்பா பரிசோதனை மணிக்கு ஒரு தடவை. தலையில அழுத்தம் முத்தினா பிபி ஏறி நாடி இறங்கும்னு படிச்சிருப்போம். கழுத்துத் தண்டுவடம் போனவங்களுக்கு அந்த பிபி ஏத்தம் வராமலே போகலாம். அப்போ முன்கூட்டியே சொல்ற ஆள் பாப்பா மட்டும்தான். அட்ரோபின் போட்டோம், அதனால விரிஞ்சிருக்கும்னு சமாதானம் சொல்லாதீங்க. ஊசியில போகும் அளவுல வெளிச்சத்துக்குச் சுருங்குறது நிக்காது, அதுவும் ஒரு பக்கம் மட்டும் விரிஞ்சா அது மருந்து இல்லை.

டியூபைக் கழுத்தைச் சுத்தி நாடாவால இறுக்கிக் கட்டாதீங்க, ரத்தம் கீழே இறங்காது. கன்னத்துல பிளாஸ்டர் போதும். கெட்டிக் காலரும் கழுத்து வெயினை அமுக்கும். முழு மயக்கத்துல இருக்கும்போது, டாக்டர்கிட்ட கேட்டுட்டு, ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வெச்சு, நெத்தியில டேப் ஒட்டி, முன் பகுதியைத் தளர்த்தலாம். ஒவ்வொரு ஷிப்டும் தாடை, பின்மண்டை, காலர் எலும்பு மூணு இடத்தையும் பாருங்க, புண்ணு அங்கதான் ஆரம்பிக்கும். ஆம்புலன்ஸ்ல வந்த கெட்டிப் பலகையை வந்தவுடனே எடுத்துடணும். புரட்ட அஞ்சு பேர்: தலைக்கு ஒருத்தர், உடம்புக்கு மூணு பேர், முதுகைப் பார்க்க ஒருத்தர். எண்ணிக்கை சொல்றது தலையைப் பிடிச்சவர் மட்டும். ஆள் இல்லைன்னு மூணு பேர் புரட்டுறதுதான் எல்லா இடத்துலயும் நடக்குது.

ஏசி. இவங்களுக்குக் காயத்துக்குக் கீழே வேர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை, அறை வெப்பம் எதுவோ அதுதான் உடம்பு வெப்பம். 36-க்குக் கீழே போனா ரத்தம் சரியா உறையாது, 37.5-க்கு மேல போனா மூளைக்கு ஆகாது. கதவுக்கு நேரா, ஏசி காத்துக்குக் கீழே பெட் போடாதீங்க.

பயிற்சிமருத்துவன்22

எல்லாருக்கும் வணக்கம். வார்டில் "மானிடால் 100 மி.லி. நாளுக்கு மூன்று வேளை" என்று எல்லாத் தலைக்காயத்துக்கும் எழுதுகிறார்கள். இவருக்கும் அதுதானா? தண்டுவடத்துக்கு மெத்தில்பிரெட்னிசலோன் போடலாமா என்றும் குடும்பத்தார் கேட்கிறார்கள், யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வென்டிலேட்டர்வாசி

தம்பி, அந்த "100 மூன்று வேளை" ஒரு பழக்கம், சிகிச்சை ஆகாது. 20 சத மானிடால் 100 மி.லி. என்பது 20 கிராம். 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 0.33 கிராம். பாப்பா விரியும் நேரத்தில் அது போதாது, விரியாத நேரத்தில் அது தேவையில்லை. தேவைப்படும்போது கிலோவுக்கு 0.5 முதல் 1 கிராம், அதாவது 150 முதல் 300 மி.லி., 15-20 நிமிடத்தில். பாட்டிலில் படிகம் கட்டியிருந்தால் வெந்நீரில் வைத்துக் கரைத்து, ஆறவைத்து, ஃபில்டர் செட்டில் போட வேண்டும். இரத்த ஆஸ்மோலாலிட்டி (கரைபொருள் செறிவு) 320-ஐத் தாண்டினால் நிறுத்து.

ஆனால் இந்த ஆளுக்கு மானிடாலே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் சிறுநீர் போனால் எதை வைத்து எம்ஏபியைப் பிடிப்பாய்? 3 சத சலைன் 250 மி.லி., 20 நிமிடத்தில். நல்ல வெயின் என்றால் புறவழியிலேயே போகும், பிபியையும் தாங்கும். 6 மணிக்கொரு முறை சோடியம் பார், 155-ஐ நெருங்கினால் நிதானம். 3 சதம் கையிருப்பில் இல்லை, பாப்பா விரிகிறது என்றால் சோடியம் பைகார்பனேட் 7.5 சதம் 25 மி.லி. ஆம்ப்யூல் நான்கு. 89 மில்லி ஈக்விவலன்ட் சோடியம் கிடைக்கும், 5 சத சலைன் 100 மி.லி.க்குச் சமம். 5 சத டெக்ஸ்ட்ரோஸ், டிஎன்எஸ் (டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சலைன்) எதையும் டிரிப்பாக ஓட்டாதே, மூளை வீங்கும்.

ஸ்டீராய்டு பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல். தண்டுவடத்துக்கு 1990-இல் வந்த நாசிஸ் 2 ஆய்வின் தயவில் அது பல வருடம் ஓடியது, இப்போதும் 8 மணி நேரத்துக்குள் என்றால் ஒரு தெரிவு என்று சொல்பவர்கள் உண்டு. அது தண்டுவடம் மட்டும் அடிபட்டவருக்கு. தலைக்காயத்தில் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது 2004-இன் கிராஷ் ஆய்வு, 10,008 பேர். இரண்டு வாரத்தில் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பிரிவில் 21.1 சதம், மற்றதில் 17.9 சதம். இரண்டு காயமும் இருப்பவருக்கு விவாதமே கிடையாது.

வலிப்புத் தடுப்பும் அப்படித்தான். ஃபெனிடோயின் லோடிங் கிலோவுக்கு 20 மி.கி. பிபியை இறக்கும், நாடியை இறக்கும். அதற்குப் பதில் லெவெட்டிராசெட்டம் 1 முதல் 1.5 கிராம், 15 நிமிடத்தில். 7 நாளில் நிறுத்திவிடலாம், இடையில் வலிப்பு வராவிட்டால்.

கபாலம்

இரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை விட்டுவிட்டீர்களே. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் 1 கிராம் 10 நிமிடத்தில், பிறகு 1 கிராம் 8 மணி நேரத்தில். 2019-இன் கிராஷ் 3 ஆய்வில் பலன் தெரிந்தது மிதமான, லேசான தலைக்காயத்தில்தான். ஜிசிஎஸ் 7-க்கு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வென்டிலேட்டர்வாசி

ஆமாம். வேறெங்காவது கசிவு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை நான் கொடுக்கச் சொல்வேன்.

டியூப் போடுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலரின் முன்பகுதியைக் கழற்று, ஒருவர் கைகளால் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடிக்கட்டும், வீடியோ லேரிங்கோஸ்கோப், பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் கம்பி). மயக்கத்துக்குக் கெட்டமின் கிலோவுக்கு 1 மி.கி., தசைத் தளர்வுக்கு ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. நார்அட்ரினலின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். புரோப்போஃபால் போலஸ் போட்டுவிட்டு பிபி 60-க்குப் போனபின் ஆம்ப்யூலை உடைப்பதுதான் வழக்கமான விபத்து. கெட்டமின் ஐசிபியை ஏற்றும் என்ற பழைய பயத்தை விட்டுவிடலாம். சக்சினைல்கோலின் முதல் நாள் பரவாயில்லை, 48 மணி நேரம் தாண்டினால் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும்.

மெஷினில் 170 செ.மீ. உயர ஆணுக்கு டைடல் (ஒரு மூச்சின் அளவு) 460 மி.லி., விகிதம் 16, பீப் (மூச்சு வெளியேறிய பின் நுரையீரலில் மிஞ்சும் அழுத்தம்) 5-இல் தொடங்கி, பிஏசிஓ2 (இரத்தத்தில் கரியமில வாயு அழுத்தம்) 35 முதல் 40. ஷாக்கில் எண்ட் டைடல் எண் (வெளிமூச்சில் அளக்கும் கரியமில வாயு) ஏமாற்றும், ஒரு ஏபிஜியோடு (தமனி இரத்த வாயுச் சோதனை) ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை வேகப்படுத்தி 30-க்கு இறக்குவது பாப்பா விரிந்து அறுவை அரங்குக்குப் போகும் சில நிமிடங்களுக்கு மட்டும்.

நடைவண்டி

பிசியோ தரப்பிலிருந்து ஒரு மறுப்பு. 30 டிகிரி 30 டிகிரி என்று எல்லோரும் சொல்கிறீர்கள். சி5 ஆளுக்கு விலா தசையும் வயிற்றுத் தசையும் இல்லை, உதரவிதானம் மட்டும்தான். படுத்திருந்தால் வயிற்று உறுப்புகள் அதை மேலே தள்ளி வைக்கும், அடுத்த மூச்சுக்கு நல்ல நீளம் கிடைக்கும். உட்காரவைத்தால் வயிறு முன்னே சரிந்து உதரவிதானம் தட்டையாகிவிடும், வைட்டல் கெப்பாசிட்டி (முழுதாக இழுத்து விடும் மூச்சின் அளவு) குறையும். மற்ற எல்லா நோயாளிக்கும் நேர் எதிர்.

வென்டிலேட்டர்வாசி

உண்மை, ஆனால் இன்றைக்கு அல்ல. முழு மயக்கத்தில் மெஷின் மூச்சு தள்ளும்போது உதரவிதானத்தின் நீளம் கணக்கில் வராது. முதல் 48 மணி நேரம் தலைக்குத்தான் கட்டில். மெஷினிலிருந்து பிரிக்கும் நாளில் நீங்கள் சொல்வது வெல்லும்: தட்டையாகப் படுக்கவைத்துத்தான் முதல் சோதனை, உட்காரவைத்தால் வயிற்றுப் பட்டை. அங்கே தோற்றுப்போய் "வீனிங் ஃபெயிலியர்" என்று எழுதப்படுகிற பலர் படுக்கை நிலையில்தான் தோற்கிறார்கள்.

நடைவண்டி

சரி, ஒத்துக்கொள்கிறேன். எப்படி உயர்த்துகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கழுத்து பொருத்தப்படும்வரை இடுப்பில் மடக்கக் கூடாது, முழுக் கட்டிலையும் சாய்க்க வேண்டும். 10 டிகிரி, 5 நிமிடம் பொறுத்து பிபி பார்த்து அடுத்த 10. இரத்தம் காலில் தேங்கும், க்ரேப் பேண்டேஜ் தொடை வரை சுற்றுங்கள். கால்மாட்டில் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் உடம்பு வழுக்கிக் கழுத்தை இழுக்கும். வாய்வழி வயிற்றுக்குழாயும் அன்றே போட வேண்டும், குடல் அசைவு நின்று வயிறு உப்பினால் இருக்கிற ஒரே மூச்சுத் தசையும் மாட்டிக்கொள்ளும். மண்டை அடித்தள முறிவு சந்தேகம் தீரும்வரை மூக்கு வழி கூடாது.

பயிற்சிமருத்துவன்22

கழுத்துக்கு 24 மணி நேரத்துக்குள் அறுவை என்று படித்தேன். தலை இப்படி இருக்கும்போது?

கபாலம்

தலையில் எடுக்க வேண்டியது இருந்தால் அது முதலில். 30 மி.லி.க்கு மேல் எக்ஸ்ட்ராடியூரல் (மூளை உறைக்கு வெளியே இரத்தக்கட்டி), 10 மி.மீ.க்கு மேல் தடிமனான சப்டியூரல் (உறைக்கு உள்ளே இரத்தக்கட்டி), 5 மி.மீ. நடுக்கோடு விலகல் என்றால் கழுத்து காத்திருக்கும். இரு பக்க கன்டியூஷன் மட்டும் என்றால் கழுத்தை 24 மணி நேரத்துக்குள் செய்யலாம், ஆனால் குப்புறப் போட வேண்டாம். மார்பும் வயிறும் அழுந்தினால் ஐசிபி ஏறும், எம்ஏபி இறங்கும், பாப்பாவும் பார்க்க முடியாது. மல்லாக்கப் படுக்கவைத்து முன்வழியாகச் செய்ய முடியுமென்றால் அதைத் தேர்ந்தெடுப்பேன். முடியாதென்றால் 3 சத சலைன் அடிக்கடி கேட்கிற தலையோடு குப்புறப் போட நான் சம்மதிக்க மாட்டேன், 48 மணி நேரம் தாண்டினாலும் சரி.

அழுத்தம் குறைய மண்டை ஓட்டின் ஒரு பகுதியை அகற்றுவது பற்றி யாராவது கேட்பதற்குள்: 2016-இன் ரெஸ்க்யூ ஐசிபி ஆய்வில் 6 மாத இறப்பு 48.9 சதத்திலிருந்து 26.9-க்கு இறங்கியது, உணர்வற்ற நிலையில் வாழ்பவர்கள் 2.1-லிருந்து 8.5-க்கு ஏறினார்கள். குடும்பத்தாரிடம் இரண்டு எண்ணையும் சொல்லியாக வேண்டும். கை கால் வராத ஆள் என்பதையும் சேர்த்து.

கருங்குயில்

பெரிய மையத்துக்கு அனுப்பும்போது?

சிஸ்டர் நிலா

காசு விஷயத்துக்காக நிறுத்தி வெக்காதீங்க. தமிழ்நாட்டுல நம்மைக் காக்கும் 48 திட்டத்துல பட்டியல்ல இருக்கிற ஆஸ்பத்திரியில முதல் 48 மணி நேர விபத்துச் சிகிச்சை ஒரு செலவு வரம்புக்குள்ள இலவசம், யாரா இருந்தாலும்.

கிளம்புற முன்னாடி கதீட்டர் மடங்கியிருக்கான்னு பாருங்க, நிறைஞ்ச மூத்திரப்பையும் தலை அழுத்தத்தை ஏத்தும். நார்அட்ரினலின் சிரிஞ்சு ஒண்ணு ஓடணும், ரெண்டாவது கலந்து கையில இருக்கணும். பம்ப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்னு பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. பி டைப் சிலிண்டர் நிறைஞ்சிருந்தா 1,500 லிட்டர், நிமிஷத்துக்கு 10 லிட்டர்னா ரெண்டரை மணி நேரம். பயணம் அதுல பாதிக்கு மேல இருந்தா இன்னொரு சிலிண்டர். 3 சத சலைன் பாட்டில், அட்ரோபின் சிரிஞ்சு, ஆம்பு பேக் (கையால மூச்சு கொடுக்குற பை), டார்ச் இதெல்லாம் வண்டி லாக்கர்ல வேண்டாம், கூடப் போறவர் மடியில இருக்கட்டும்.

வென்டிலேட்டர்வாசி

கூடவே ஒரு தாள்: அடிபட்ட நேரம், தளர்வு மருந்துக்கு முந்தைய பாப்பாவும் தசை அசைவும், மிகக் குறைந்த பிபி எவ்வளவு, எத்தனை நிமிடம், கடைசியாக ரோகுரோனியம் போட்ட நேரம். இந்தக் கடைசி வரி இல்லாமல் வந்தால் அங்கே இருப்பவர்கள் ஜிசிஎஸ் 3 என்று எழுதிவிடுவார்கள்.